ஐந்து வரிகளுக்குள்

லீக்கைப் பெரிதாக்கிவிட்டார்கள்.
பன்னிரண்டு அணிகள் இருபதாயின.
பத்தொன்பதாவது இடத்தில் நாங்கள்:
‘மெகிரேன் தமிழ் வித்தியாலயம்’.
மெல்கிரேன் தோட்டத்தின் ‘ல்’
கண்டியில் யாரோ ஒருவரின் தட்டச்சில் விழுந்துவிட்டது.

இப்போது ஒரு படிவம். அடுத்த பருவத்துக்கு
எங்களை வைத்திருப்பதா என்று பார்க்க.
ஏழாவது கேள்வி:
அணியின் வளர்ச்சிச் சாத்தியத்தை
ஐந்து வரிகளுக்குள் விவரிக்கவும்.

நான் கணக்கு டீச்சர்.
விளையாட்டுக்கு ஆசிரியர் வரும்வரை என்று சொல்லி
அதிபர் என் கழுத்தில் விசிலை மாட்டி
மூன்று வருடமாகிறது.
ஓஃப்சைட் என்றால் என்னவென்று
எட்டாம் வகுப்புக் கவிசாந்த்தான்
அழிறப்பரையும் சோக்கட்டியையும் மேசையில் நகர்த்திக் காட்டினான்.
இரண்டு தடவை காட்டினான்.

எங்கள் மைதானம்
கோயில் பக்கக் கோலிலிருந்து ஸ்டோர் பக்கக் கோலுக்கு
ஓர் ஆள் உயரம் இறங்குகிறது.
நாணயம் சுண்டி வென்றவன் முதலில் ஏற்றத்தைக் கேட்பான்.
களைத்த பிறகு இறக்கம் வேண்டும், அதற்காக.
மூலைக்கொடி நிற்க வேண்டிய இடத்தில்
ஒரு தேயிலைச் செடி. கம்பனியின் செடி.
பிடுங்க அனுமதி கேட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை.
அதைச் சுற்றி ஓடிவந்து அடிக்கிறான் அனோஜன்.
அவன் பந்து வளைவது அதனால்தான்.
பார்த்தவர்கள் திறமை என்றார்கள்.

முதல் ஆட்டம் மாத்தளையில்.
வேனுக்குப் பதினெட்டாயிரம்.
விதுர்ஷனின் அம்மாவும் ஏறிக்கொண்டார்.
நிறை குறைந்தால் அரைப்பேர்,
வராவிட்டால் பேரே இல்லை, இதுதான் மலைக் கணக்கு.
லீக்கில் எங்களுக்குப் பேர் விழுந்த அன்று
செக்ரோலில் அவருக்குப் பேர் விழவில்லை.

அங்கே தரை சமம்.
பிள்ளைகள் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.
டிலுக்‌ஷன் தட்டிவிட்ட பந்து நின்றுவிட்டது.
அது உருண்டு வருமென்று மூன்று பேர் காத்து நின்றார்கள்.
ஏழு கோல்.
திரும்பும் வழியில் யாரும் வாந்திகூட எடுக்கவில்லை.

பதுளையில் நான்கு கோலால் தோற்றோம்.
பண்டாரவளையில் ஒன்றால்.
கரும்பலகையில் எழுதினேன்: ஏழு, நான்கு, ஒன்று.
அடுத்த உறுப்பு?
‘மறை இரண்டு’ என்றாள் சுகிர்தா.
பிறகு தன் கொப்பியைப் பார்த்தபடி,
‘அப்பிடின்னா ரெண்டு கோலால வெல்றோம், மிஸ்.’
வகுப்பு மேசைகளைத் தட்டியது.
பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

புதன்கிழமை ஒரு வெள்ளை வாகனம் வந்தது.
நகரத்துப் பெரிய கல்லூரி.
விடுதி, இரண்டு சோடி சப்பாத்து, காலையில் முட்டை.
லீக் பட்டியலில் பெயர் இல்லாத காலத்தில்
இந்தப் பாதையில் அவர்கள் வந்ததில்லை.
அனோஜனின் அப்பா என்னிடம் கேட்டார்:
‘நீங்க என்னா சொல்றீங்க, டீச்சர்?’
முட்டையைப் பற்றி நான் என்ன சொல்ல?
விடுகைப் பத்திரத்தை நானே எழுதினேன்.
கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

நான்காவது ஆட்டத்தில் கோலே விழவில்லை,
இரண்டு பக்கமும்.
சுகிர்தா அதைத் தொடரில் சேர்க்க மறுத்துவிட்டாள்.

மணி மூன்றரை. தபால் வேன் நான்குக்கு.
எழுதுகிறேன்.

ஒன்று: பிள்ளைகள் இப்போது சமதரையில் பந்தைத் தேடிப் போகிறார்கள்.
இரண்டு: சப்பாத்து ஒன்பது சோடி, ஆட்டக்காரர் பதினொருவர்.
மூன்று: எங்கள் சிறந்த ஆட்டக்காரனை
ஜூன் பதினான்கில் நீங்கள் எங்களுக்கு எதிராகப் பார்ப்பீர்கள்,
எங்கள் வளர்ச்சியில் அவனையும் கணக்கிடவும்.
நான்கு: தேயிலைச் செடி அப்படியே இருக்கிறது.
ஐந்து: அடுத்த பட்டியலில் தயவுசெய்து
முழுப்பேர் போடவும்.